இருபத்தோராயிரம் ரூபாய் சுரைக்காய்

எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் உட்காருவது வழக்கம். புருஷனை விட்டுப் பிரிந்தவளுக்கு இதைவிட வசதி வேறு கிடையாது. பியூலாவுக்கும் ஸ்டெர்லினுக்கும் விவாகரத்தாகி மூன்று வருஷமான பிறகும் சபையில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த மீதிப் பேர் தெரியாத மாதிரி இருந்தார்கள். அவன் நவி மும்பைப் பக்கம் வாஷிக்குக் குடிபோய்விட்டான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் மாறி தாராவிக்கு வந்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுப் போவான். இவள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். தப்பு செய்தவன் முன்வரிசையில், செய்யாதவள் தூண் மறைவில். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் பியூலாவும் ஒரே பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறோம். அவள் ஜிப் வைப்பாள், நான் கைப்பிடி தைப்பேன். ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. அவளைப் போல வெட்கப்படுகிற ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் கண்டக்டர் தர வேண்டிய சில்லறையைக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே இறங்கி வந்துவிடுவாள். பட்டறையில் கூலியைக் குறைத்துக் கணக்குப் போட்டால், எனக்குத் தெரிந்து நான் போய்ச் சண்டை போடுவேனே தவிர அவள் வாய் திறந்ததில்லை. யாராவது அவள் காலை மிதித்துவிட்டால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். அப்படிப்பட்டவள் தலையில்தான் ஜீவனாம்சம் கேட்டு நடக்கிற வேலை வந்து விழுந்தது.

விவாகரத்தின்போது கோர்ட்டு தெளிவாகவே சொல்லியிருந்தது. மகள் ஸ்வீட்டிக்கு ஸ்டெர்லின் மாதம் ஆறாயிரம் தர வேண்டும். கொஞ்ச மாதம் தந்தான். பிறகு பாதி தந்தான். பிறகு நின்றுபோயிற்று. போன் செய்தால், அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன் என்பான். நாலு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று இவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளையின் காசைப் பிள்ளைக்காகக் கேட்பதில் என்ன பிச்சை என்று நான் கத்தினால், மெதுவாகப் பேசுங்கள் அக்கா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்பாள். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

அவளாக மறுபடி கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டாள். ஸ்வீட்டி பத்தாம் வகுப்புக்கு வந்ததும் டியூஷன் கிளாசில் சேர்த்தாள். முதல் தவணை கட்டியாயிற்று. இரண்டாம் தவணையை ஜனவரிக்குள் கட்டாவிட்டால் மாதிரித் தேர்வுகளில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இருந்த ஒரே கம்மலும் ஏற்கெனவே அடகில் கிடந்தது. அப்போதுதான் நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, இலவச சட்ட உதவியில் இருக்கும் வந்தனா என்ற வக்கீலிடம் அவளைக் கூட்டிப் போனேன்.

வந்தனா மராட்டிக்காரப் பெண். பேச்சில் சர்க்கரை கிடையாது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று இந்தியில் ஒரு பிடி பிடித்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசான பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாதாம். பியூலா கூச்சப்பட்டுக் கொண்டிருந்த மாதங்களில் ஆறு மாதக் காசு அப்படியே கைவிட்டுப் போயிருந்தது. மிச்சத்துக்கு மனுப் போட்டார்கள். ஸ்டெர்லின் கோர்ட்டுக்கு வந்தான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான், வேலை போய்விட்டது, அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறேன் என்றான். உண்மையில் அவன் ஏசி மெக்கானிக். வாஷியிலும் நெரூலிலும் வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்த்துக் கையில் காசு வாங்குகிறவன். அந்தக் காசுக்கு ஏது தாள்? அவன் சம்பாதிக்கிறான் என்பதற்கு எதையாவது கொண்டு வாருங்கள் என்று வந்தனா சொல்லி அனுப்பினாள்.

இதில் இன்னொரு சங்கடம் ஸ்வீட்டி. அவளுக்கு அப்பா என்றால் உயிர். அவன் மாதம் ஒரு தடவை அவளை வாஷிக்குக் கூட்டிப்போய் மாலில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவான், போனுக்கு உறை வாங்கித் தருவான். வேலையில்லாத அப்பா தன் கஷ்டத்திலும் வாங்கித் தருகிறார் என்று அவள் நினைத்தாள். அந்தப் பாவப்பட்ட மனிதரை அம்மா கோர்ட்டுக்கு இழுக்கிறாள் என்று பியூலாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பியூலாவோ அவனைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. அப்பனைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்வதும் அவளுக்கு வெட்கம்தான்.

இந்த நிலையில் அக்டோபர் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஊரில் வயல் இருந்தது, விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டு வந்தார்கள். தாராவியில் என்ன அறுப்பு? எல்லாரும் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கின பூசணிக்காயையும் வாழைத்தாரையும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். நூறு ரூபாய்ப் பூசணி மூவாயிரத்துக்குப் போகும். காய்க்காக யாரும் கேட்பதில்லை, மைக்கில் பெயர் கேட்பதற்காகக் கேட்பார்கள். அந்தக் காசில்தான் ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது முதல் எல்லாம் நடக்கிறது.

அந்த வருஷம் நிஜமாக விளைந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஸ்வீட்டி தகரக் கூரை மேல் பெயின்ட் வாளியில் வளர்த்த சுரைக்காய். கொடி எங்கள் வீட்டுக் கூரைக்கும் தாவி வந்து ஒரே ஒரு காய் காய்த்தது. அவள் அதைக் குளிப்பாட்டி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஏலம் விட்டவர் சபைப் பொருளாளர் தங்கதுரை அண்ணாச்சி. தொண்ணூறடி ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். சுரைக்காயைத் தூக்கிக் காட்டி, நம்ம பிள்ளை கையால் விளைந்தது என்று ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தார். யாரோ முந்நூறு என்றார்கள். மின்விசிறிக்குக் கீழிருந்து ஸ்டெர்லின் எழுந்து, ஐயாயிரம் என்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விக்ரோலியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜெயசிங்குக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கடைசியில் ஸ்டெர்லின் இருபத்தோராயிரம் என்றான், ஜெயசிங் கையைக் கீழே போட்டான். சபை கைதட்டியது. ஸ்டெர்லின் முன்னால் நடந்து வந்து சுரைக்காயை வாங்கி, அதை மகள் கையிலேயே கொடுத்து, தலையில் முத்தம் கொடுத்தான். யூத் பையன்கள் எல்லாவற்றையும் போனில் பிடித்தார்கள்.

ஸ்வீட்டியின் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அந்தப் பிள்ளை முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பியூலாவைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, உன் வீட்டுக்காரருக்குப் பிள்ளை மேல் எவ்வளவு பிரியம் என்று அவள் தொடையில் தட்டினாள். இவள் சிரித்தாள். பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு எழுந்து அங்கேயே மைக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது. அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வீடியோவை வந்தனாவுக்கு அனுப்பினோம். அவள் குஷியாகிவிட்டாள். வேலையில்லாதவன் இருபத்தோராயிரத்துக்குச் சுரைக்காய் வாங்குகிறானா, இதற்கு ஆலயத்தில் ரசீது போட்டிருப்பார்களே, அதில் ஒரு நகல் வாங்கி வாருங்கள் என்றாள். ரசீது கேட்டுப் போவதற்கு பியூலா இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். சாமிக்குக் கொடுத்ததைக் கோர்ட்டுக்கு இழுக்கிறாள் என்று சபை பேசும் என்பது அவள் பயம். பேசட்டும், பேசுகிறவர்கள் கிளாஸ் ஃபீஸ் கட்டுவார்களா என்று நான்தான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

தங்கதுரை அண்ணாச்சி எங்களை உள்ளே உட்காரவைத்து டீ வரவழைத்தார். பியூலா எதற்காக ரசீது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவர் முகம் கறுத்தது. கடைப் பையனை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரசீது போடலியேம்மா. போட்டாத்தானே குடுக்க? அவன் இன்னும் கட்டலை. போன வருசத்துச் சேவலுக்கே கட்டலை."

ஏலக் காசை அன்றைக்கே வைக்க வேண்டும் என்று எங்கள் சபையில் கட்டாயமில்லை. கிறிஸ்துமசுக்குள் கொண்டுவந்து கட்டுவார்கள். கட்டாதவர்கள் பெயரை யாரும் வாசிப்பதில்லை. கட்டாதவனை எதற்கு மறுபடி ஏலம் கேட்க விடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் டீ கிளாசைப் பார்த்துப் பேசினார்.

"அவன் கேட்டாத்தானம்மா மத்தவன் ஏத்துதான். சுரைக்காய்ல தோத்த ரோசத்துல ஜெயசிங் அன்னைக்கு வாழைத்தாரைப் பதினஞ்சாயிரத்துக்கு எடுத்தான்லா? அந்தக் காசு வந்துட்டு. கோயில் கூரைக்கு ஷீட் மாத்தணும். என்ன செய்யச் சொல்லுதிய?"

வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று பியூலா அவரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். ரோட்டுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆண்டவருக்கே பாக்கி வைத்திருக்கிறவன் உனக்கு எங்கே தரப்போகிறான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு கட்டியிருந்தாக்கூட இவ்வளவு அசிங்கமா இருந்திருக்காது, அக்கா. அவ ஸ்கூல்ல எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த விஷயம் உறைத்தது. கோர்ட்டில் வீடியோவைக் காட்டினால் ஸ்டெர்லின் என்ன சொல்வான்? சும்மா ஜம்பத்துக்குக் கேட்டேன், ஒரு பைசா கட்டவில்லை, வேண்டுமானால் சபையைக் கேளுங்கள் என்பான். அது உண்மையும்கூட. அவன் ஆலயத்தை ஏமாற்றினதே அவன் ஏழை என்பதற்குச் சாட்சியாகிவிடும். தங்கதுரை அண்ணாச்சியே வந்து அவனுக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பியூலா வந்தனாவிடம் இதைச் சொல்லவில்லை. ரசீது கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அவள் வாழ்க்கையில் மறைத்துப் பேசினது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வந்தனா, பரவாயில்லை, வீடியோ போதும் என்றாள்.

வழக்கு ஜனவரி முதல் வாரத்துக்கு வந்தது. முந்தின நாள் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்வீட்டியையும் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள் பியூலா. மகளை எதற்கு அங்கே என்று கேட்டேன். மெஷினிலிருந்து நூலை உருவிக்கொண்டே சொன்னாள்.

"அவ முன்னாடி வச்சி, கட்டலன்னு அவரு சொல்ல மாட்டாரு."

நான் வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்துவிட்டேன். இவளுக்கு இப்படி ஒரு யோசனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய காரியம், இப்போதாவது புத்தி வந்ததே என்று பாராட்டினேன். அவளுக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு அவள் வைத்த ஜிப் இரண்டு கோணிப்போய்ப் பிரித்துத் தைத்தாள். ஸ்வீட்டியிடம், ஜட்ஜம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்று வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனாள்.

பாந்திராவில் கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் நான் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை பியூலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்தனா வீடியோவைக் காட்டினாள். ஜட்ஜம்மா போனைக் கையில் வாங்கி முழுவதும் பார்த்தார். இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஸ்டெர்லின் தயாராகத்தான் வந்திருந்தான். மேடம், அது சர்ச் ஃபங்ஷன், அங்கே எல்லாரும் சும்மா ஒரு இதுக்கு, என்று ஆரம்பித்தான். அப்போது திரும்பினான். பின்வரிசையில் ஸ்வீட்டி பள்ளிச் சீருடையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் பேச்சில் நின்றுவிட்டான். பணம் கட்டினீர்களா இல்லையா என்று ஜட்ஜம்மா இரண்டாம் தடவை கேட்டார். அவன் வக்கீல் அவன் முழங்கையை இடித்தார். ஸ்டெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"கட்டிவிட்டேன், மேடம். என் மகள் வளர்த்த காய்."

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. ஆலயத்துக்கு இருபத்தோராயிரம் கட்ட முடிந்தவருக்கு மகளுக்கு ஆறாயிரம் கட்ட என்ன தடை என்று ஜட்ஜம்மா கேட்டார். பாக்கியைத் தவணையாகக் கட்ட வேண்டும், முதல் தவணையை இரண்டு வாரத்துக்குள் கோர்ட்டில் கட்ட வேண்டும், தவறினால் வாரன்ட் என்று உத்தரவு. முதல் தவணையே கிளாஸ் ஃபீசுக்குத் தாராளம். பொய் என்று தெரிந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பியூலா தலைகுனிந்து நின்றாள். ஸ்டெர்லினும் அவள் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கப் பயந்தார்கள் என்று வந்தனா பிறகு என்னிடம் அதிசயமாகச் சொன்னாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

வெளியே வந்த பியூலாவைக் கட்டிப்பிடித்தேன். ஜெயித்தவள் மாதிரியே அவள் இல்லை. ஸ்டெர்லின் ஸ்வீட்டியின் அருகில் வந்து கன்னத்தைத் தட்டி, நன்றாகப் படி என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினான். ஸ்வீட்டி தலையாட்டினாள்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். ஸ்வீட்டி நடுவில் இருந்தாள். கலாநகர் சிக்னலில் ஆட்டோ நின்றது. சும்மா இருக்க முடியாமல் நான்தான், உங்கப்பாவுக்கு உன் மேல் எவ்வளவு பாசம் பார்த்தாயா என்று ஏதோ உளறினேன். பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது.

ஸ்வீட்டி என்னைப் பார்த்தாள், பிறகு முன்னால் பார்த்தாள்.

"அப்பா அந்தக் காசு கட்டலன்னு எனக்குத் தெரியும் பெரியம்மா. கிறிஸ்துமஸ் கொயர் பிராக்டிஸ்ல எல்லாரும் சொல்லிச் சிரிச்சாங்க. உன் சுரைக்காய் இன்னும் கடன்லயே கிடக்குன்னு."

ஒரு மாதமாக அந்தப் பிள்ளை இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் அம்மா வேதனைப்படுவாள் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்திருக்கும், தாயைப் போலத்தானே பிள்ளையும். பியூலா இரண்டு கையாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜட்ஜ் மேடம் என்னைய ஒண்ணுமே கேக்கலியே," என்றாள் ஸ்வீட்டி தாயிடம். "அவங்க என்னைய வரச் சொல்லவே இல்ல. இல்லம்மா?"

கண்ணாடியில் ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்தார்.

"எதுக்குன்னு சொல்லியிருந்தா நானே வந்து உக்காந்திருப்பேன். அப்பா பொய் சொல்லுவாரு, அது தெரியும். நீயும் ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. பியூலா இத்தனை வருஷமும் அவன் செய்ததற்கெல்லாம் தான் வெட்கப்பட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்தவள். அப்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது, நீ எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை அதை எடுக்கவில்லை.